மேக்ரோவை இன்லைன் ஃபங்ஷனாக மாற்றுவது எப்படி? ஒரு மோட்டார் கன்ட்ரோலரின் சி மொழிக் கோட் வைத்துப் பார்ப்போம்

பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்துப் போர் மோட்டாருக்கு கன்ட்ரோலர் போர்டு செய்துகொண்டிருந்தோம். தண்ணி வற்றி மோட்டார் வெறுமனே ஓடினால் கரண்ட் குறையும். அப்போதே நிறுத்தாவிட்டால் காயில் போய்விடும். அதனால் போர்டு அடிக்கடி கரண்ட்டைப் படித்து, இதுவரை வந்த உச்ச அளவையும் வைத்துக்கொள்ளும். ஒருநாள் டிஸ்ப்ளேயில் அந்த உச்சம் 12-லிருந்து 9-க்கு இறங்கியது. உச்சம் எப்படிங்க இறங்கும்? இரண்டு நாள் சென்சாரையும் வயரையும் மாற்றிப் பார்த்தோம். கோளாறு இந்த மேக்ரோவில் இருந்தது. மேக்ரோ என்றால், கம்பைல் ஆகும் முன்பே ஒரு பெயர் வரும் இடத்தில் வேறு எழுத்தை ஒட்டிவிடும் சுருக்கம். (கோட் வரிகளை இங்கே தமிழெழுத்தில் தருகிறேன், எடிட்டரில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.)

#டிஃபைன் பெரியது(அ, ஆ) ((அ) > (ஆ) ? (அ) : (ஆ))

உச்சம் = பெரியது(உச்சம், கரண்ட்_படி());

முதலில் விரித்துப் பாருங்கள். டெர்மினலில் 'ஜிசிசி -ஈ மோட்டார்.சி' என்று கொடுங்கள். ஜிசிசி என்பது சி கம்பைலர்; ஈ கேப்பிட்டல் எழுத்து. கம்பைலருக்குப் போகும் வரி இப்படி இருக்கும்:

உச்சம் = ((உச்சம்) > (கரண்ட்_படி()) ? (உச்சம்) : (கரண்ட்_படி()));

சென்சாரிலிருந்து கரண்ட்டைப் படிக்கும் கரண்ட்_படி() இரண்டு முறை வருகிறது, பார்த்தீர்களா? உச்சம் 12. முதல் முறை படித்தால் 14. அதைவிட 12 பெரிதல்ல. சரி என்று மறுபடி படிக்கிறது, இப்போது கரண்ட் 9. அந்த 9 போய் உச்சத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அடைப்புக்குறியை எத்தனை போட்டாலும் இது தீராது. மேக்ரோ வெறும் எழுத்தை எடுத்து ஒட்டுகிறது, அவ்வளவுதான்.

அடுத்து, மேக்ரோ வரியை நீக்கிவிட்டு, அதே பெயரில் ஃபங்ஷன் எழுதுங்கள். பெயர் மாறாததால் கூப்பிடும் இடங்களைத் தொட வேண்டியதில்லை.

ஸ்டாட்டிக் இன்லைன் இன்ட் பெரியது(இன்ட் அ, இன்ட் ஆ)
{
    ரிட்டர்ன் அ > ஆ ? அ : ஆ;
}

இப்போது கரண்ட்_படி() ஒரே முறை ஓடி, அந்த மதிப்பு ஆ-வுக்குள் போகும். கூப்பிடும் இடத்திலேயே ஃபங்ஷனின் கோட் வரிகளை வைக்கலாம் என்று கம்பைலருக்குச் சொல்வதுதான் இன்லைன். அந்தச் சொல் சி மொழியின் 1999 தரத்தில் வந்தது. ஸ்டாட்டிக்கை விட்டுவிடாதீர்கள். வெறும் இன்லைன் மட்டும் போட்டால், ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்யும்போது லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாகச் சேர்ப்பது) 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று நின்றுவிடலாம். புதிதாகப் படிக்கிறவர்கள் பலர் இங்கேதான் மலைத்துப்போய் மேக்ரோவுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

பிறகு டைப்பைக் கவனியுங்கள். மேக்ரோ எந்த டைப்பையும் வாங்கிக்கொள்ளும். இந்த ஃபங்ஷன் இன்ட் மட்டுமே வாங்கும். 12.7 கொடுத்தால் சத்தமில்லாமல் 12 ஆகிவிடும். '-டபிள்யூகன்வெர்ஷன்' போட்டுக் கம்பைல் செய்தால் எச்சரிக்கை வரும். தசம எண்ணுக்கு வேறு பெயரில் இன்னொரு ஃபங்ஷன் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு மேக்ரோவை மாற்றியதும் கம்பைல் செய்து, போர்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். பத்தையும் ஒரே மூச்சில் மாற்றினால், எது கெடுத்தது என்று தேடுவதற்கே பொழுது போய்விடும்.

எல்லா மேக்ரோவும் மாறாது. ஹெடர் ஃபைல் இரண்டு முறை சேராமல் காக்கும் மேக்ரோ அப்படியே இருக்கட்டும். அர்ரேயில் எத்தனை உறுப்பு என்று சைஸ்ஆஃப் வைத்து எண்ணும் மேக்ரோவையும் விட்டுவிடுங்கள். ஃபங்ஷனுக்குள் போனதும் அர்ரே வெறும் முகவரியை வைத்திருக்கும் பாயின்டராகிவிடும், கணக்கு தப்பாக வரும்.