மோடம் இணைந்தும் இணையம் வராவிட்டால்

தொலைபேசி வழியே இணையத்துக்குப் போகும் டயல்-அப் மோடம் கீச்சிட்டு ஓய்ந்து இணைப்பும் கிடைத்துவிட்டது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை என்றால் தொலைபேசிக் கம்பியைத் திட்டாதீர்கள். கடலூர் தேவனாம்பட்டினத்தில் உப்புக்காற்று பட்டு எங்கள் வீட்டுக் கம்பி முனை பச்சை பூத்துவிடும். ஆனால் அந்தக் கோளாறில் இணைப்பே தடுமாறும்.

லினக்ஸில் முதலில் ‘ஐஎஃப்கான்ஃபிக்’ என்ற கட்டளையைக் கொடுங்கள். மோடம் இணைப்பைக் குறிக்கும் பிபிபி0 என்ற பெயரும் அதற்கு ஓர் ஐபி முகவரியும் தெரிந்தால் மோடத்தின் வேலை முடிந்தது. அடுத்து, தரவு போகும் வழிகளைக் காட்டும் ‘ரூட் -என்’. 0.0.0.0 என்று தொடங்கும் வரிதான் பொதுவழி, வேறு வழி குறிக்காத தரவெல்லாம் அதில்தான் போகும். அதன் கடைசியில் நெட்வொர்க் அட்டையைக் குறிக்கும் ஈத்0 என்றிருந்தால் கோளாறு அங்கேதான். வீட்டின் இன்னொரு கணினிக்காகப் போட்ட அந்த அட்டைக்கு யாரோ கேட்வே (வெளியே போகும் வாசல்) முகவரி கொடுத்திருக்கிறார்கள். ஏற்கெனவே ஒரு பொதுவழி இருந்தால், அமைப்பில் ‘டிஃபால்ட்ரூட்’ (இதையே பொதுவழியாக்கு) என்று எழுதி வைத்திருந்தாலும் மோடம் இணைப்பை நடத்தும் பிபிபிடி நிரல் அதை மாற்றாது. இந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதைப் பதிவுக் கோப்பில் மட்டும் முணுமுணுப்பதுதான் எரிச்சல்.

நிர்வாகியாக நுழைந்து ‘ரூட் டெல் டிஃபால்ட்’, பிறகு ‘ரூட் ஆட் டிஃபால்ட் பிபிபி0’ கொடுங்கள். அட்டையின் அமைப்புக் கோப்பிலிருந்தும் கேட்வே வரியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கணினியை மறுபடி இயக்கியதும் வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும்.

கூகுளின் 8.8.8.8 முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போகிறது, தளத்தின் பெயர் கொடுத்தால் போகவில்லை என்றால் வழியில் பிழையில்லை. ரிசால்வ்.கான்ஃப் கோப்பில், பெயரை முகவரியாக மாற்றித் தரும் கணினியைக் குறிக்கும் நேம்செர்வர் வரி இருக்கிறதா என்று பாருங்கள்.