நிறம் பிரிக்கும் விளையாட்டு: இரண்டு கிண்ணங்களில் தொடங்குங்கள்

"இது என்ன கலர், சொல்லு?" நிறம் கற்றுக்கொடுக்க உட்காரும் பெரியவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். இது கடைசியில் வர வேண்டிய கேள்வி. ஒரே நிறப் பொருள்களைச் சேர்த்து வைப்பது முதலில் வரும். பெயரைக் கேட்டதும் சரியானதை எடுத்துக் கொடுப்பது அடுத்து. தானாகப் பெயர் சொல்வது அதற்கும் பின்னால். இரண்டு வயதை ஒட்டி நிறம் சேர்க்கத் தொடங்கும் பிள்ளை, பெயரைத் தடுமாறாமல் சொல்ல மூன்று வயதுக்கு மேலும் ஆகலாம். சிவப்பும் நீலமும் வேறுவேறு என்று கைக்குழந்தையின் கண்ணுக்கே தெரியும். ஆனால் "சிவப்பு" என்று நீங்கள் சொல்வது பொருளின் பெயரையா, வடிவத்தையா, நிறத்தையா என்று கண்டுபிடிக்கத்தான் பிள்ளைக்கு நாளாகிறது.

என்னென்ன வேண்டும்

நிறம் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கும் பொருள்கள் வேண்டும்: சிவப்பில் 4, நீலத்தில் 4. பெரிய அடுக்குக் கட்டைகள், ஒரே அளவுப் பந்துகள், தடித்த அட்டையில் 6 செ.மீ. சதுரமாக வெட்டி வண்ணத்தாள் ஒட்டிய துண்டுகள், எதுவானாலும் சரி. கூடவே ஒரே மாதிரியான இரண்டு வெள்ளைக் கிண்ணங்கள். ஒன்றின் உட்புற அடியில் சிவப்புத் தாளும் மற்றதில் நீலத் தாளும் ஒட்டிவிடுங்கள்.

வீட்டிலுள்ள கார், பந்து, கரண்டி என்று கலந்து கொடுத்தால் என்ன ஆகும்? சிறு பிள்ளைகள் நிறத்துக்கு முன்னால் வடிவத்தைத்தான் கவனிப்பார்கள். சிவப்புக் காரையும் நீலக் காரையும் ஒன்றாக வைத்துவிட்டுப் பெருமையாகப் பார்ப்பார்கள். அவர்கள் கணக்கில் அது சரியும்கூட.

மூன்று வயதுக்குக் கீழ் என்றால் அளவில் கண்டிப்பு தேவை. டாய்லெட் பேப்பர் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதையும் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். தண்ணீர் பாட்டில் மூடி சுமார் 3 செ.மீ. அகலம்தான், அதனால் அதுவும் வேண்டாம். மணி, பொத்தான், கோலிக்குண்டு பற்றிச் சொல்லவே தேவையில்லை.

படி 1: சேர்த்தல்

பகல் வெளிச்சத்தில் உட்காருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகத் தெரியும், கருநீலம் கறுப்பாகிவிடும்.

நீங்களே ஒரு சிவப்புக் கட்டையைச் சிவப்புக் கிண்ணத்திலும், ஒரு நீலத்தை நீலக் கிண்ணத்திலும் மெதுவாகப் போட்டுக் காட்டுங்கள். "இது இங்கே, இது இங்கே" என்பது போதும். மீதி ஆறையும் மொத்தமாகக் கொட்டாமல் ஒவ்வொன்றாகக் கையில் கொடுங்கள். குவியலைக் கண்டால் பிரிக்கத் தோன்றாது, வாரி இறைக்கத்தான் தோன்றும்.

தவறான கிண்ணத்தில் போட்டால் "இல்லை, தப்பு" வேண்டாம். அந்தக் கட்டையை எடுத்து இரண்டு கிண்ணங்களின் தாளுக்கும் பக்கத்தில் மாறி மாறிப் பிடியுங்கள். பல நேரம் பிள்ளையே கையைப் பிடித்துச் சரியான பக்கம் இழுக்கும்.

இங்கே நீங்கள் ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, பிள்ளை நிறத்தைப் பார்க்காமல் உங்கள் கண்ணைப் பார்ப்பது. நீங்கள் எந்தக் கிண்ணத்தைப் பார்க்கிறீர்களோ அதில் போய் விழும். ஆகவே பார்வையைக் கட்டையின் மேலேயே வையுங்கள். இன்னொன்று, "இடது பக்கம் சிவப்பு" என்று இடத்தை நினைவில் வைத்துக்கொள்வது. ஒவ்வொரு சுற்றிலும் கிண்ணங்களை இடம் மாற்றினால் இது தெரிந்துவிடும்.

ஐந்து நிமிடம் போதும். ஆறும் உதவியில்லாமல் சரியாக விழுவது இரண்டு வெவ்வேறு நாட்களில் நடந்தால் மஞ்சளைச் சேருங்கள், பிறகு பச்சையை. சிவப்பும் ஆரஞ்சும், நீலமும் ஊதாவும் தொடக்கத்தில் ஒரே சுற்றில் வேண்டாம். பிள்ளைகள் பொருள்களைத் தாமே கையாண்டு கற்கும் மாண்டிசோரி வகுப்புகளின் முதல் வண்ணப் பெட்டியிலும் சிவப்பு, நீலம், மஞ்சள் மட்டும்தான், ஒவ்வொன்றிலும் இரண்டு பலகைகள். இரண்டாவது பெட்டியில்தான் நிறங்கள் 11 ஆகும்.

படி 2: பெயர்

எதுவார் செகென் என்ற பிரெஞ்சு மருத்துவரிடமிருந்து அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி எடுத்துக்கொண்ட மூன்று கட்டப் பாடம் இதற்கு நன்றாகப் பொருந்தும்.

முதல் கட்டத்தில் நீங்கள் மட்டும் சொல்கிறீர்கள்: "இந்தக் கட்டை சிவப்பு. இந்தக் கட்டை நீலம்." பொருளை முதலில் சொல்லி நிறத்தைப் பிறகு சொல்லுங்கள். பிள்ளையின் கவனம் ஏற்கெனவே கட்டையில் இருக்கும்போது வரும் புதிய சொல் நிறத்தோடு ஒட்டிக்கொள்வது எளிது.

இரண்டாவது கட்டம் கேட்டு எடுத்தல். "சிவப்பை எடுத்துக் கொடு", "நீலத்தை நாற்காலி மேல் வை", "சிவப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வை". இதில்தான் அதிக நாள் செலவிட வேண்டும், அவசரப்பட்டுத் தாண்டிவிடுவதும் இதைத்தான்.

மூன்றாவதில்தான் "இது என்ன நிறம்?" எல்லாவற்றுக்கும் "சிவப்பு" என்றே பதில் வந்தால் கவலை வேண்டாம். தெரிந்த ஒரே நிறச் சொல்லை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவது இந்த வயதில் சாதாரணம். திருத்திக்கொண்டிருக்காமல் இரண்டாவது கட்டத்துக்குத் திரும்புங்கள்.

வீட்டில் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்கிறார்களா என்றும் பாருங்கள். அப்பா நீலம் என்பதைப் பாட்டி ஊதா என்றால் பிள்ளை என்ன செய்யும்?

படி 3: பொருளை மாற்றுதல்

கட்டையில் வந்தது எல்லாவற்றிலும் வந்துவிடாது. முதலில் கட்டையும் பந்தும் கலந்து கொடுங்கள். பிறகு காலுறை, கரண்டி, கிரேயான். பல நிறம் கலந்த பொம்மைகளைத் தவிருங்கள். மூன்று வயதுக்கு மேல் இடுக்கியால் எடுத்துப் போடச் சொன்னால் விரல்களுக்கும் வேலை கிடைக்கும். நான்கு வயதையொட்டி ஒரே நீலத்தில் மூன்று சாயல் அட்டைகளை அடர்த்தியிலிருந்து வெளிர் வரை அடுக்கச் சொல்லலாம், பிறகு ஐந்து.

கண்ணில் சிக்கலா?

பெயரை மாற்றிச் சொல்வதை மட்டும் வைத்து நிறக்குருடு என்று முடிவு செய்யாதீர்கள். கவனிக்க வேண்டியது சேர்ப்பதில் வரும் தவறு. நன்றாகப் பழகிய பிறகும் நான்கு வயதுப் பிள்ளை சிவப்பையும் பச்சையையும், பச்சையையும் பழுப்பையும், அல்லது நீலத்தையும் ஊதாவையும் மட்டும் திரும்பத் திரும்ப ஒரே கிண்ணத்தில் போட்டால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். சிவப்பு-பச்சைக் குறைபாட்டுக்கான மரபணுக்கள் X குரோமோசோமில் இருப்பதால், ஒரே ஒரு X மட்டும் உள்ள ஆண் பிள்ளைகளிடம் இது மிக அதிகம். தாய்வழித் தாத்தாவுக்கோ மாமாவுக்கோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். புள்ளிகளுக்குள் மறைந்திருக்கும் எண்ணைப் படிப்பதுதான் வழக்கமான சோதனை. எண்கள் தெரியாத பிள்ளைக்கும் சோதனை செய்யலாம், புள்ளிகளுக்கு நடுவே வளைந்து செல்லும் கோட்டை விரலால் தொடரச் சொல்லும் அட்டைகள் இருக்கின்றன.