வீட்டுக் கேமராவை ஊரார் பார்க்காமல் வைத்துக்கொள்வது எப்படி

வீட்டில் வைஃபை கேமரா இருந்தால் முதலில் அதைக் கழற்றி அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பயனர் பெயர் அட்மின், பாஸ்வேர்ட் 12345 என்கிற மாதிரி ஏதாவது அச்சிட்டிருந்து, அதை நீங்கள் இன்னும் மாற்றவில்லை என்றால் மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம், இப்போதே போய் மாற்றிவிட்டு வாருங்கள்.

2020 அக்டோபரில் சிங்கப்பூர் வீடுகளின் கேமராக் காட்சிகள் ஆபாசத் தளங்களில் ஏறியது பலருக்கு நினைவிருக்கும். அதன் பின்னால் இருந்த கும்பல், 50,000க்கும் மேற்பட்ட கேமராக்கள் தன் கையில் இருப்பதாகப் பீற்றிக்கொண்டு, 150 அமெரிக்க டாலர் கட்டினால் வாழ்நாள் முழுக்கப் பார்க்கலாம் என்று ஆள் சேர்த்தது. விற்பவன் சொல்லும் எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் காட்சிகள் நிஜம்: குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்மார்கள், தம்பதிகள், பிள்ளைகள். எல்லாம் அவரவர் வீட்டுக்குள், அவரவரே காசு கொடுத்து வாங்கி மாட்டிய கேமராவில் பதிவானவை.

“என் வீட்டை யார் பார்க்கப் போகிறார்கள், நான் என்ன பெரிய மனுஷனா” என்று கேட்பவர்கள் உண்டு. உங்களை யாரும் தேடி வருவதில்லை. இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு முகவரியையும் வரிசையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும் நிரல்கள் இராப்பகலாக ஓடுகின்றன, எந்தக் கதவு திறக்கிறதோ அது அவர்களுடையது. 2016இல் வந்த மிராய் என்ற கணினிக் கிருமி, ஆலையிலிருந்து வரும் பயனர் பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகளில் ஓர் அறுபதை மட்டும் வைத்துக்கொண்டே உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அதே ஆண்டு அக்டோபரில் இங்கே சிங்கப்பூரில் ஸ்டார்ஹப் இணையச் சேவை இரண்டு முறை தடுமாறியபோது, வாடிக்கையாளர்களின் வீட்டிலிருந்த சாதனங்களே தாக்குதலுக்குப் பயன்பட்டன என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. மிராய் தொற்றிய கேமராவை அணைத்துப் போட்டால் கிருமி போய்விடும், ஆனால் பழைய பாஸ்வேர்டையே விட்டுவைத்தால் சில நிமிடங்களில் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? எல்லோரும் பாஸ்வேர்டோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கேமரா எதைப் பார்க்கிறது என்பதில்தான் ஆரம்பிக்க வேண்டும். நீங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தாலும் தயாரிப்பாளர் கோட்டைவிடலாம். 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சேவை பழுதாகித் திரும்பியபோது, சுமார் 13,000 வாடிக்கையாளர்களின் செயலியில் வேறு வீட்டுப் படங்கள் வந்து நின்றன. அதில் பாஸ்வேர்டை மாற்றியவர், மாற்றாதவர் என்ற பேதமெல்லாம் இல்லை. ஆகவே இந்தக் காட்சி என்றாவது ஒருநாள் வெளியே போகும் என்று வைத்துக்கொண்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பெரும்பாலும் ஒரு குளியலறை சமையலறைப் பக்கம் இருக்கும். குளித்துவிட்டுத் துண்டோடு அறைக்குப் போகிறவர் கூடத்து ஓரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கூடத்து மூலையில் உயரமாக மாட்டிய கேமரா அந்த வழி முழுவதையும் பார்க்கும். பகலில் தனியாக இருக்கும் அம்மா விழுந்துவிட்டால் தெரிய வேண்டும் என்பதற்காக வைக்கிறீர்கள் என்றால், சாப்பாட்டு மேசையும் சமையலறை வாசலும் தெரிந்தால் போதும், படுக்கையறைக் கதவு தெரிய வேண்டாம். கேமராவைத் திருப்ப முடியாத இடமாக இருந்தால் செயலியில் ‘பிரைவசி ஸோன்’ போன்ற வசதி இருக்கிறதா பாருங்கள், அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைத்துவிடலாம். எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்தில் பிளக்கையே பிடுங்கிவிடுவது இன்னும் நல்லது. மைக்கை மறந்துவிடாதீர்கள். வங்கிக்குப் போன் போட்டு அடையாள அட்டை எண்ணை உரக்கச் சொல்வது பெரும்பாலும் கூடத்தில்தான். ஒலி தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

வாசலுக்கு மேலே மாட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: டிஜிட்டல் பூட்டில் எண் அழுத்தும் விரல் படத்தில் தெரிகிறதா? தெரிந்தால், கேமராவுக்குள் நுழைந்தவன் கையில் வீட்டுச் சாவியும் இருக்கிறது. வீவக வீட்டுத் தாழ்வாரத்தைப் பார்க்கும் கேமராவுக்கு 2023 மே மாதத்திலிருந்து முன்அனுமதி வாங்க வேண்டியதில்லை, ஆனால் அது அக்கம்பக்கத்தாரின் கதவையோ சன்னலையோ பார்க்கக் கூடாது. வீட்டில் பணிப்பெண் இருந்தால், கேமரா எங்கெங்கே இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும், அவர் தூங்கும், உடை மாற்றும் இடத்திலும் குளியலறையிலும் வைக்கக் கூடாது என்பது மனிதவள அமைச்சு சொல்வது. அவரிடம் சொல்லாமல் பொம்மைக்குள் ஒளித்து வைக்கும் கலாசாரம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

அடுத்தது ரவுட்டர். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் பெரும்பாலும் அதன் பக்கம் வரும், இல்லையென்றால் ரவுட்டரின் ஸ்டிக்கரில் முகவரி இருக்கும், சில நிறுவனங்கள் செயலியே தருகின்றன. உள்ளே போய் ‘போர்ட் ஃபார்வர்டிங்’, ‘யுபிஎன்பி’ என்ற இரண்டு பகுதிகளைத் தேடுங்கள். போர்ட் ஃபார்வர்டிங் என்பது, வெளியிலிருந்து வீட்டுக் கருவி ஒன்றுக்கு வர நாமே ரவுட்டரில் திறந்துவிடும் வாசல். யுபிஎன்பி என்பது, வீட்டிலுள்ள கருவி உங்களைக் கேட்காமலேயே ரவுட்டரிடம் சொல்லி வெளியுலகுக்கு ஒரு வாசல் திறந்துகொள்ளும் வசதி. அந்தப் பட்டியலில் கேமராவின் பெயரோ 192.168.1.37 மாதிரி அதன் உள்முகவரியோ இருந்து, பக்கத்தில் 554 என்றோ 8000 என்றோ எண் தெரிந்தால் வாசல் திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம். 554 வழியாகத்தான் பல கேமராக்கள் நேரலைப் படத்தை அனுப்புகின்றன. யுபிஎன்பியை அணையுங்கள், ஃபார்வர்டிங் வரிகளை நீக்குங்கள், கேமராவின் சொந்த அமைப்பிலும் யுபிஎன்பி இருந்தால் அதையும் அணையுங்கள். பையனின் கேம் கன்சோல் முரண்டு பிடிக்கலாம், அதற்குத் தனியாக வழி பார்த்துக்கொள்ளலாம்.

சோதித்துப் பார்ப்பதும் எளிது. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு ‘என் ஐபி முகவரி என்ன’ என்று தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அந்த முகவரியை பிரவுசரில் அடித்துப் பாருங்கள், அப்படியே பின்னால் :8080 சேர்த்தும் ஒருமுறை. கேமராவின் லாகின் பக்கம் வந்து நின்றால் உலகத்துக்கே அது தெரிகிறது. ஒன்றும் வரவில்லை என்பதற்காக நிம்மதியாகிவிடவும் வேண்டாம், வேறு எண்களில் திறந்திருக்கலாம். அதனால்தான் ரவுட்டர் பட்டியலை முதலில் பார்க்கச் சொன்னேன். ரவுட்டரில் கெஸ்ட் வைஃபை இருந்தால் கேமராவை அதில் போட்டுவிடுங்கள், அது மாட்டினாலும் உங்கள் கணினிக்குத் தாவுவது கஷ்டம்.

இப்போது வரும் பெரும்பாலான கேமராக்கள் வாசல் திறக்காமல், தாமாகவே தயாரிப்பாளரின் சர்வரை அழைத்துப் படத்தை அனுப்புகின்றன. அங்கே உங்கள் கணக்குதான் சாவி. வேறு ஏதோ தளத்தில் எப்போதோ கசிந்த அதே ஈமெயில், அதே பாஸ்வேர்டை இங்கே போட்டுப் பார்ப்பார்கள், திறந்துவிடும். இதற்கென்று தனி, நீளமான பாஸ்வேர்ட் வையுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) போடுங்கள். குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், செயலியின் ‘ஷேர்’ வசதி வழியாக ஒவ்வொருவரையும் சேருங்கள், போனவர்களை எடுத்துவிடலாம். வீட்டைப் புதுப்பித்துத் தந்த குத்தகையாளரே கேமராவையும் மாட்டித் தந்தாரா? கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அவர் ஈமெயில் இருந்தால், கேமராவை ரீசெட் செய்து உங்கள் பெயரில் புதிதாகப் பதியுங்கள்.

ஃபர்ம்வேர், அதாவது கேமராவுக்குள்ளேயே ஓடும் மென்பொருள், அதன் புதுப்பிப்பைத் தானியங்கியாகப் போட்டுவிடுங்கள். 2021இல் ஹிக்விஷன் கேமராக்கள் பலவற்றில் வெளிப்பட்ட ஓட்டை, பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே புகவிட்டது, புதுப்பித்தவர்களுக்கு மட்டும் அது அடைபட்டது. புதுப்பிப்பே வராத பழைய கேமரா என்றால் கழற்றிவிடுங்கள், நாற்பது வெள்ளிப் பொருளுக்குப் பாவம் பார்க்க வேண்டாம்.

புதிதாக வாங்குபவர்கள், சிம் லிம் ஸ்குவேரோ இணையக் கடையோ, பெட்டியில் இணையப் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா பாருங்கள். சிங்கப்பூர் அரசின் இந்தத் திட்டம் 2020 அக்டோபரில் தொடங்கியது, நான்கு நிலைகள். முதல் நிலைக்கே எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்ட் கூடாது, புதுப்பிப்பு தர வேண்டும். நான்காம் நிலையில் சோதனைக்கூடம் உள்ளே நுழைய முயன்று பார்க்கும். முத்திரையில் காலாவதித் தேதியும் இருக்கும், அதையும் படியுங்கள்.

கேமரா தானாகத் திரும்புகிறது, தெரியாத குரல் வருகிறது, செயலியில் புரியாத லாகின் தெரிகிறது என்றால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பதற்றத்தில் எதையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, வேறு கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, போலிசில் புகார் கொடுங்கள். அனுமதியில்லாமல் கணினிக் கருவிக்குள் நுழைவது இங்கே குற்றம், அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதும் 2020இலிருந்து தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். காட்சியை வைத்துக் காசு கேட்டு மிரட்டினால் கொடுக்காதீர்கள், ஒருமுறை கொடுத்தால் மறுபடி கேட்பான்.

பழைய கேமராவை கரோசல் மாதிரி பழைய பொருள் விற்கும் தளத்தில் விற்பதாக இருந்தால் மெமரி கார்டை எடுத்துவிட்டு, ரீசெட் பொத்தானை ஊசியால் சில விநாடி அழுத்திப் பிடித்து, செயலியில் உங்கள் கணக்கிலிருந்தும் அதை நீக்கிவிட்டு அப்புறம் கொடுங்கள்.