நிதி விதி மாறும்போது முதலில் பார்க்க வேண்டியது தேதியை

இங்கிலாந்தில் அப்ரெண்டிஸ் பயிற்சி நடத்தும் நிறுவனங்களுக்கு ஆகஸ்ட் 1-இல்தான் புத்தாண்டு. பயிற்சிக்கு அரசுப் பணம் பெறுவதற்கான நிதி விதிகளும் அதையொட்டிப் புதிதாக வருகின்றன. நடுவில் திருத்தப் பதிப்புகள் வேறு. ஒவ்வொரு முறையும் முழு ஆவணத்தையும் வரிவரியாகப் படிப்பது நடக்கிற காரியமல்ல. மாற்றங்களின் சுருக்கத்தை முதலில் எடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிரே ஒரே கேள்வியை எழுதுங்கள்: இது புதிதாகச் சேருபவருக்கு மட்டுமா, ஏற்கெனவே பயில்பவருக்குமா?

சறுக்குவது இங்கேதான். குறைந்தபட்சப் பயிற்சிக் காலம் 12 மாதத்திலிருந்து 8 மாதமாகக் குறைந்தது, 2025 ஆகஸ்ட் 1 முதல் சேர்ந்தவர்களுக்குத்தான். ஜூலை 31-இல் சேர்ந்தவருக்குப் பழைய கணக்கே! ஆனால், பயிற்சி தொடங்கும்போது 19 வயது நிரம்பியவர்களுக்கு ஆங்கில, கணிதத் தகுதி வேண்டுமா என்பதை வேலை கொடுப்பவரே தீர்மானிக்கலாம் என்று 2025 பிப்ரவரியில் வந்த தளர்வு, அப்போது படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் பொருந்தியது. இரண்டையும் ஒரே மாதிரி எண்ணிவிட்டால் கோப்பு குழம்பிவிடும்.

பயில்பவர்களின் பட்டியலில் அவர்கள் சேர்ந்த தேதிக்குப் பக்கத்தில் ‘எந்த ஆண்டு விதி’ என்று ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள். பழைய பதிப்புகளையும் எண்ணுடன் சேமித்து வையுங்கள். தணிக்கையில் ஒருவருடைய கோப்பை அவருக்குப் பொருந்தும் விதியோடுதான் ஒப்பிடுவார்கள், புத்தம்புதிய பதிப்போடு அல்ல.

இன்னொன்று: இந்த நிதியைக் கவனித்துவந்த கல்வி, திறன் நிதி முகமை (ESFA) 2025 மார்ச் 31-இல் மூடப்பட்டு, அதன் பொறுப்புகள் கல்வித் துறைக்குப் போய்விட்டன. உங்கள் படிவங்களில் பழைய பெயர் கிடக்கிறதா என்று பாருங்கள்.