தற்காலிகத் தங்குமிடத்தில் பிள்ளைகளோடு வாழும் குடும்பத்துக்குத் துணைநிற்பது எப்படி

இங்கிலாந்தில் வீடிழந்த குடும்பமொன்றில் பெற்றோரைச் சார்ந்து வாழும் பிள்ளை இருந்து, உதவி பெறும் குடிவரவுத் தகுதியும் இருக்குமானால், 1996ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் அக்குடும்பத்தை முன்னுரிமைக்குரியதாகக் கருதுகிறது. விண்ணப்பத்தின் மீது முடிவு எடுக்கப்படும் வரை அவர்களைத் தங்கவைப்பது கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி மன்றத்தின், கடமை. அந்த இடம் விடுதி அறையாகவோ, பலர் பகிரும் வீட்டின் ஒரு பகுதியாகவோ, தனி வீடாகவோ இருக்கலாம். தற்காலிகம் என்பது பெயரளவில்தான். 2024ஆம் ஆண்டின் இறுதியில் 1,60,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இத்தகைய இடங்களில் இருந்தார்கள், அவர்களில் பலர் ஆண்டுக்கணக்காக. கோயிலிலும் தமிழ்ப் பாடசாலையிலும் நாம் காண்கிற குடும்பங்களும் அவர்களுள் இருக்கக்கூடும். "சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறோம்" என்று அவர்கள் சொல்லிவிடுவதால் நமக்குத் தெரியாமல் போகிறது. தெரியவந்தால் அதை மூன்றாவது ஆளிடம் சொல்லாமல் வைத்திருப்பதே நாம் செய்யும் முதல் உதவி.

எதையும் வாங்கிச் செல்வதற்கு முன், அறையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அரிசி மூட்டையும் பருப்பும் கொடுப்பது நமக்கு இயல்பாக வருகிறது. ஆனால் கேத்தல் ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லாத, ரைஸ் குக்கரைக்கூடப் பாவிக்க விடாத விடுதி அறையில் அந்த மூட்டை இடத்தை அடைக்கும் இன்னொரு சுமையாகிவிடும். அன்றே உண்ணக்கூடிய சமைத்த உணவு, பழம், பாண், குளிரூட்டத் தேவையில்லாத சிறு பால் பெட்டிகள் ஆகியவை பயன்படும். இவை எல்லாவற்றையும்விட நல்லது, வாரத்தில் ஒரு நாள் உங்கள் குசினியை அந்தத் தாயிடம் விட்டுவிடுவது: அவர் தம் பிள்ளைகளுக்குத் தம் கையால் சமைக்கட்டும், துணிகளும் உங்கள் இயந்திரத்தில் துவைக்கப்படட்டும், பிள்ளைகள் தரையில் ஓடி விளையாடட்டும். உதவி கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள், குழந்தையின் முதுகுப்புறத்தைக்கூட.

அடுத்தது தாள்கள். ஒரு கொப்பியில், அறைக்குள் நுழைந்த நாள், கவுன்சிலில் பேசிய அலுவலரின் பெயர், வந்த ஒவ்வொரு கடிதத்தின் திகதி ஆகியவற்றை எழுதிவைக்கப் பழக்குங்கள். திகதிகளுக்கு இங்கே சட்ட வலு உண்டு. தனியார் விடுதியில், கழிப்பறையையோ குளியலறையையோ சமையலறையையோ பிற குடும்பங்களோடு பகிர வேண்டிய இடத்தில், பிள்ளைகளுள்ள குடும்பத்தை வேறு இடம் கிடைக்காத நிலையில் மட்டுமே வைக்கலாம். அதுவும் ஆறு வாரங்களுக்கு மேல் கூடாது. அந்த எல்லை கடந்த மறுநாளே எழுத்தில் முறையிடலாம். வீடற்றோர் விண்ணப்பத்தின் மீதான முடிவை எதிர்த்து மீளாய்வு கேட்பதற்கு அறிவிப்புக் கிடைத்ததிலிருந்து 21 நாள்களே உள்ளன. கவுன்சில் தரும் இடம் மோசமாக இருக்கிறது என்று கோபத்தில் மறுத்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மறுத்தால் கவுன்சிலின் கடமையே முடிந்துவிடக்கூடும். முதன்மைக் கடமையின் (விண்ணப்பம் ஏற்கப்பட்ட பின் கவுன்சில் ஏற்கும் தங்கவைக்கும் கடமையின்) கீழ் தரப்படும் இடமாயின், அதை ஏற்றுக் குடிபுகுந்துகொண்டே பொருத்தமின்மையைக் காட்டி மீளாய்வு கோரலாம். வீட்டுப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை தரும் ஷெல்டர் (Shelter) தொண்டு அமைப்பிடமோ, சட்ட உதவித் திட்டத்தில் வேலை செய்யும் சொலிசிட்டரிடமோ கடிதத்தோடு உடனே செல்வது நல்லது.

இந்தச் சந்திப்புகளில் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக இருத்தாதீர்கள். தன் தாய் அழுதுகொண்டு கடன் விவரம் சொல்வதையும், அதற்கு அதிகாரி தரும் மறுமொழியையும் பத்து வயதுப் பிள்ளை தன் வாயால் மாற்றிச் சொல்ல நேர்வது மிகக் கொடிது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கவுன்சிலிடம் முன்கூட்டியே கேளுங்கள். அது கைகூடாவிட்டால் நீங்கள் போங்கள்.

பாடசாலையைப் பொறுத்தவரை, தொலைவில் ஓர் இடம் கிடைத்தவுடன் பாடசாலையை மாற்றுவதற்கு அவசரப்பட வேண்டாம் என்பதே என் கருத்து, ஏனெனில் அடுத்த மாதமே குடும்பம் வேறிடத்துக்கு நகர்த்தப்படலாம். தெரிந்த ஆசிரியரும் தெரிந்த நண்பனும் மட்டுமே அந்தப் பிள்ளையிடம் மாறாமல் எஞ்சியிருப்பவை. பரீட்சைக் காலமாயின் அதைக் கவுன்சிலிடம் எழுத்தில் சொல்லவேண்டும். ஓர் இடம் பொருத்தமானதா என்று பார்க்கும்போது பிள்ளையின் கல்விக்கு நேரும் இடையூற்றையும் அவர்கள் கருத்தில் எடுத்தாக வேண்டும். பெற்றோரின் இசைவோடு பாடசாலைக்கு நிலைமையைத் தெரிவித்தால், காலை உணவு, இலவச மதிய உணவு, சீருடை ஆகியவற்றுக்கு வழி பிறக்கும். இலண்டனில் 11 வயதுக்குட்பட்டோர் பேருந்தில் இலவசமாகப் பயணிக்கலாம். 11 முதல் 15 வயது வரையானோருக்கு அதற்கென ஸிப் ஆய்ஸ்டர் (Zip Oyster) எனும் பயண அட்டை உண்டு. வீட்டுப்பாடத்துக்கு உங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு மணி நேர இடம் போதும்.

கைக்குழந்தை இருக்கும் அறையில் தொட்டில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பெரியவர்களின் கட்டிலிலோ நாற்காலியிலோ குழந்தையைக் கிடத்துவது ஆபத்தானது. உறுதியான, தட்டையான தனிப் படுக்கையில், மல்லாந்து உறங்கச் செய்ய வேண்டும். தொட்டிலோ அதற்கான இடமோ இல்லையென்றால் கவுன்சிலிடம் அன்றே கேளுங்கள். முகவரிச் சான்று இல்லை என்ற காரணத்தால் குடும்ப மருத்துவர் நிலையம் பதிவை மறுக்க முடியாது. தடுப்பூசி விவரம் உள்ள சிவப்புப் புத்தகம் எந்த இடமாற்றத்திலும் தாயின் கைப்பையிலேயே இருக்கட்டும்.

விசாவில் பொதுநிதி (அரசின் நலன்புரி உதவிகள்) கிடையாது என்று எழுதப்பட்டிருக்கும் குடும்பங்கள் வீடற்றோர் உதவியைப் பெற முடியாது. ஆயினும் பிள்ளை தேவையில் இருந்தால், 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி சமூக சேவைப் பிரிவிடம் உதவி கேட்கலாம். அந்த உதவி பொதுநிதியாகக் கணக்கிடப்படுவதில்லை. இவர்கள் சட்ட ஆலோசனையுடன் செல்வது நல்லது.

இடமாற்றத்துக்கான அழைப்பு பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி வரும். அன்றைக்கு ஒரு கார், நான்கு உறுதியான பைகள், பிள்ளையின் பாடசாலைப் பையைத் தனியே எடுத்துவைக்கும் ஓர் ஆள் ஆகியன வேண்டும். இழக்கப்படும் அபாயமுள்ள தளபாடங்களைப் பாதுகாக்கும் கடமை கவுன்சிலுக்கும் உண்டு, அதற்குக் கட்டணம் கேட்கலாம் என்றாலும். புதிய இடத்தில் இறங்கியதும் மருத்துவருக்கும் பாடசாலைக்கும் முகவரியைத் தெரிவித்துவிட்டு, கொப்பியில் அன்றைய திகதியை எழுதச் சொல்லுங்கள்.