ஆயா சொல்லும் கதையைப் படமாக்குவது எப்படி?

பண்ருட்டிப் பக்கம் பெரியவர்களிடம் உட்கார்ந்தால் ராத்திரியில் குதிரையேறி எல்லையைச் சுற்றும் அய்யனார் வருவார், அப்புறம் ‘தானே’ என்று பெயர் வைத்த புயல் வரும். 2011 டிசம்பர் 30-ல் சாய்ந்த பலாமரம் இருந்த இடத்தை எங்கள் ஆயா இன்னும் "பலா மரத்தடி" என்றுதான் சொல்கிறார். இறந்துபோன தாத்தா அங்கே வந்து நிற்பதாகவும் சொல்வார். இதைப் படமாக்கும்போது பேய்ப்படம் மாதிரி போட்டோஷாப்பில் புகை சேர்க்காதீர்கள். ஆயாவுக்கு அது நடப்பு. படமும் அப்படியே நம்ப வேண்டும்.

1. முதலில் கதையைக் கேட்டு ஃபோனில் பதிவு செய்யுங்கள். எந்த வரப்பு, என்ன வேட்டி என்பதெல்லாம் அதில் கிடைக்கும்.

2. பொழுது சாய்ந்து அரை மணி கழித்து ட்ரைபாடைப் போடுங்கள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, எஃப் 11 (லென்ஸ் துளையின் அளவு), ஷட்டர் (ஒளி உள்ளே வரும் நேரம்) 20 நொடியில் தொடங்கி வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். ஆயா முகத்தில் டார்ச் அடித்து ஃபோகஸ் செய்து, அது மாறாமல் இருக்க ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். விலை உயர்ந்த லென்ஸைவிட ஆடாத ட்ரைபாடுதான் முக்கியம்.

3. உருவத்தை வரவைப்பது. ஷட்டர் திறந்ததும் தாத்தாவின் வேட்டியில் சித்தப்பா பத்து நொடி அசையாமல் நின்றுவிட்டு, சட்டென்று விலக வேண்டும். இந்த இடத்தில்தான் நான் வெகுநாள் திணறினேன். வேட்டி தெரியும், தலை காணாமல் போகும். காரணம் வானம். அவர் விலகிய பிறகும் சென்சார் பின்னால் இருக்கும் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். வானம் தலையை அழித்துவிடும். தலைக்குப் பின்னால் இருட்டு வேண்டும். தரைவரை கிளை இறங்கிய முந்திரி மரம் இதற்கென்றே அமைந்தது. கேமராவைக் கொஞ்சம் உயர்த்தினால் வானம் தலைக்கு மேலே போய்விடும்.

4. ஆயாவால் 20 நொடி ஆடாமல் இருக்க முடியாது. அவரையும் இருட்டான பின்னணியில் உட்கார வைத்து, பக்கவாட்டிலிருந்து இரண்டு நொடி மட்டும் டார்ச் அடியுங்கள். வெள்ளை எல்இடி வேண்டாம், முகம் சுண்ணாம்பு பூசியதுபோல ஆகிவிடும். டார்ச்சில் மஞ்சள் கண்ணாடித்தாள் சுற்றுங்கள்.

பின்சேர்க்கை: ஃபோனில் உருவமே விழவில்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். நைட் மோடு பல படங்களைச் சேர்க்கும்போது அசைவதை நீக்கிவிடப் பார்க்கும். ப்ரோ மோடில் ஷட்டரை நீங்களே வையுங்கள். அய்யனார் கோயில் மண்குதிரைகளோடு எடுப்பதாக இருந்தால் பூசாரியிடம் கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள்.