பினாங்கில் கடைசி நாள்: சேலத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போகும் நம்ம ஊர்க்காரர்கள் நிறையப் பேர், விட்டுப்போன இடத்தையெல்லாம் கடைசி நாளிலேயே பார்த்துவிட ஓடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மலை ரயிலுக்கு வரிசையில் நின்று ஏறி இறங்கினால் பாதி நாள் போய்விடும், மலையும் மூட்டமும் நமக்கு ஏற்காட்டிலேயே இருக்கிறது. சேலத்தில் இல்லாதது கடல்தான், அன்றைக்கு அதற்கே நேரம் கொடுங்கள்.

பினாங்கின் முக்கிய நகரமான ஜார்ஜ் டவுன், தீவின் வடகிழக்கு மூலையில் இருப்பதால் அங்கே கடல் பக்கம் பார்க்கக் கிடைப்பது சூரிய உதயம். மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், ஆனால் பொழுது விடிய அங்கே 7 மணி தாண்டிவிடும், அதனால் அலாரம் வைத்துச் சிரமப்பட வேண்டியதில்லை. சியூ ஜெட்டி என்கிற படகுத்துறைக் குடியிருப்புக்கு நடந்து போங்கள். கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள், பலகை நடைபாதை, இடுக்கு வழியாகக் கீழே பார்த்தால் தண்ணீர். குடும்பங்கள் வாழ்கிற இடம் அது, வீட்டு வாசலில் நின்று சத்தமாகப் பேசாதீர்கள், உள்ளே கேமராவை நீட்டாதீர்கள்.

அங்கிருந்து குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில் நடக்கிற தூரம்தான். 1833இல் கட்டியது. கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அங்கே ஐந்து நிமிடம் நின்றாலே மனசு நிறைந்துவிடும். மதியம் நடை சாத்துவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டியை வரவேற்பிலேயே விட்டுவைக்கலாம், ஒரு மாற்றுச் சட்டை மட்டும் மேலாக வைத்துக்கொள்ளுங்கள், வியர்வை அப்படி. மதியச் சாப்பாட்டுக்கு நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டில் சுமந்து விற்று வளர்த்த சாப்பாடு இது. சோற்றின் மேல் கோழிக் குழம்பு, மீன் குழம்பு, சால்னா என்று ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு கரண்டி ஊற்றி, எல்லாம் கலந்து தட்டு விளிம்பு வரை தளும்பும்போதுதான் அதன் ருசியே. ராத்திரி விமானம் ஏறும் முன் மட்டும் சாப்பிடாதீர்கள், வயிறு தாங்காது.

வாங்கி வர நல்லது ஜாதிக்காய். அங்கே அதன் சதையைச் சர்க்கரையில் ஊறவைத்து, காயவைத்துப் பொட்டலமாக விற்கிறார்கள். பாசிப்பருப்புப் பூரணம் வைத்த தௌ சார் பியா பிஸ்கட்டும் அருமை, ஆனால் பன்றிக் கொழுப்பு சேர்த்துச் செய்கிற கடைகளும் உண்டு, கேட்டு வாங்குங்கள். வெள்ளைக் காபிப் பொட்டலத்தில் பெரும்பாலும் சர்க்கரையும் பால் பொடியும் கலந்தே இருக்கும், ஏற்காட்டுக் காபிப் பொடியில் டிகாக்‌ஷன் போடுகிற வீட்டில் அது விலை போகாது. வாசனை கடுமையான டுரியான் பழத்தை அங்கேயே தின்று முடித்துவிடுங்கள், ஹோட்டலிலும் விமானத்திலும் விடமாட்டார்கள். மீதி ரிங்கிட்டில் சில்லறையை முதலில் செலவழியுங்கள், நாணயத்தை மாற்றித் தர மாட்டார்கள்.

விமான நிலையம் தீவின் தெற்கே பாயான் லெபாஸில், சுமார் 16 கிலோமீட்டர். சாயங்கால நெரிசல் கடுமை, விமானத்துக்கு நாலு மணி நேரம் முன்பே கிளம்புங்கள். கோலாலம்பூரில் மாறித் திருச்சி வருகிறவர்கள், இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை அங்கே எடுத்து மறுபடி போட வேண்டும், நடுவில் குறைந்தது நாலு மணி நேரம் விடுங்கள். திருச்சியிலிருந்து நாமக்கல் வழியாகச் சேலத்துக்குப் பஸ் உண்டு. சென்னையில் இறங்கினால் சென்ட்ரலில் இரவு கிளம்பும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடிவதற்குள் சேலம் ஜங்ஷனில் சேர்த்துவிடும், அந்த டிக்கெட்டை விமான டிக்கெட் எடுக்கும்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.